பனியன் குடோன் சுண்டெலியின் பூர்வீகம்

"வரலாறு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராஜா ராணி கதை எனக்கு வராது. விலங்கியல் படித்துவிட்டுப் பனியன் தொழிலுக்கு வந்தவன் நான். ஆகவே, எங்கள் வேலம்பாளையம் குடோனில் வாடகை தராமல் குடியிருக்கும் சுண்டெலியின் வரலாற்றை எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்!

ஒருமுறை, கட்டிங்குக்குப் போக வேண்டிய துணி ரோலுக்குள் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது. ரோல் முழுக்க ஓட்டை. "எங்கிருந்துதான் வருதோ இந்தச் சனியன்!" என்றார் அப்பா. பட்டம் வாங்கிய என்னிடம் பதில் இல்லை. ஆய்வகத்து வெள்ளைச் சுண்டெலிதான் விஞ்ஞானம், வீட்டுச் சுண்டெலி வெறும் தொல்லை என்றே அன்று நினைத்திருந்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1758-இல் லின்னேயஸ் இதற்கு 'மஸ் மஸ்குலஸ்' என்று பெயர் வைத்தார். 'மஸ்' என்பதும் நமக்குத் தெரிந்த 'மூஷிகம்' என்பதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். இதன் முக்கியக் கிளையினங்கள் மூன்று. மேற்கு ஐரோப்பாவில் டொமெஸ்டிகஸ். கிழக்கு ஐரோப்பா முதல் வட ஆசியா வரை மஸ்குலஸ். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் காஸ்டேனியஸ். நம்மூர்க்காரர் மூன்றாமவர். சுமார் 3.5 லட்சம் முதல் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இவை பிரிந்தன என்பது கணக்கு.

எங்கிருந்து பிரிந்தன? 1990-களில் பிரெஞ்சு ஆய்வாளர் பூர்சோ குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். வேறுபாடு அதிகம் இருந்தது இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதி எலிகளிடம்தான். அதுவே தாய்வீடாக இருக்கலாம் என்றார்கள். ஈரான் பக்கத்தைச் சொல்வோரும் உண்டு. காரணம் எளிது. குடோனில் நூறு கலர் நூல் இருக்கிறது. ஒருவன் பத்துக் கோன் எடுத்துக்கொண்டு வெளியூர் போனால், அவனிடம் பத்துக் கலர்தானே இருக்கும்? அப்புறம் மனிதன் தானியம் சேர்த்த இடமெல்லாம், கப்பல் விட்ட கரையெல்லாம் சுண்டெலியும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பத்துக் கோன்தான் ஆய்வகத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆபி லாத்ராப் என்ற அம்மையார் வளர்த்து விற்ற எலிகளிலிருந்து 1921-இல் சி57 பிளாக் என்ற வகை உருவானது. 2002-இல் வெளியான சுண்டெலி மரபணுத் தொகுதி அந்த வகையினுடையதே. ஆய்வக எலிகளின் மரபணுவில் பெரும்பகுதி டொமெஸ்டிகஸ். ஒரே மாதிரி எலிகளில் மட்டும் மருந்தைச் சோதித்தால், பலவகை மனிதருக்கு அது எப்படிப் பொருந்தும்? இந்தக் கவலையால்தான் பிற்காலத்தில், தாய்லாந்தில் பிடித்த காஸ்டேனியஸ் வழிவந்த எலிகளையும் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கலப்பில் சேர்த்தார்கள்.

அப்பா இப்போது இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்: "அது எங்கிருந்தும் வரலீங்கப்பா. நம்ம நாட்டுப் பழங்குடிங்க!" எலிப்பொறி இன்றும் வைக்கிறேன், நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஆய்வகக் கூண்டோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டு மூலையில் ஓடுவதையும் ஒரு கேள்வி கேளுங்கள்.