உபகாரமும் உபத்திரவமும்: சென்னையின் மேற்குப் புறநகரில் ‘தொல்லை’ என்னும் கருத்து

முன்னுரை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்குப் போனால் ஏறத்தாழ ஒரே பட்டியல் வாசிக்கப்படும்: தெருநாய், சாலையில் படுத்துக்கிடக்கும் மாடு, நடைபாதைக் கடை, ஒலிபெருக்கி, வாசலை அடைத்து நிறுத்தும் கார், குப்பை, கொசு, சாக்கடை நாற்றம். எல்லாமே உண்மையான துன்பங்கள்தாம். ஆனால் கூட்டத்தின் குரல் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மாடு, கடைக்காரர் என்று வரும்போது குரல் உயர்கிறது. சாக்கடை என்று வரும்போது ‘எத்தனை தடவைதான் எழுதிப் போடுவது’ என்ற சலிப்போடு தாழ்கிறது. எதிரே ஓர் ஆளோ விலங்கோ நின்றால் கோபம் வருகிறது, நிற்காவிட்டால் பழகிப்போகிறது.

இந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டத்தின் வரையறையிலும் தமிழ்ச் சொல்வழக்கிலும் தொல்லை என்பது ஒரு செயல். புறநகர்ப் பொதுவாழ்வில் அது ஓர் ஆளின் பெயராக மாறிவருகிறது. அப்படி மாறும்போது, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதால் விளையும் தொல்லை கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறது. மேற்குப் புறநகரின் பெருந்தொல்லைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பது என் வாதம்.

1. சொற்கள் காட்டும் வழி

இந்தக் கருத்துக்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. ‘இடைஞ்சல்’ இடத்தைப் பற்றியது: ‘வழிக்கு இடைஞ்சலா நிக்காதீங்க.’ ‘தொந்தரவு’ வேலையையோ தூக்கத்தையோ கலைப்பது. தருபவரே அதற்கு வருத்தமும் தெரிவிக்கலாம். ‘தொல்லை’ நீடிப்பது, கொசுத் தொல்லை, கடன் தொல்லை என மூலத்தின் பெயரோடு ஒட்டி வரும். ‘உபத்திரவம்’ இவற்றைவிடக் கனமானது. நான்கும் பெரும்பாலும் கொடு, செய், பண்ணு, படு முதலிய வினைகளோடு சேர்ந்தே வழங்குகின்றன. ஒருவர் தொந்தரவு கொடுக்கிறார், பிறகு நிறுத்துகிறார்; அதோடு அது முடிந்தது. மறுநாளும் அவர் அதே அண்டைவீட்டுக்காரர்தான்.

சென்னைப் பேச்சில் கலந்துவிட்ட ‘நியூசென்ஸ்’ வேறு விதமாக இயங்குகிறது. ‘அவன் ஒரு நியூசென்ஸ்’, ‘ஏரியாவுக்கே நியூசென்ஸ்’ என்று அது ஆளின்மேல் பெயராக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. காவல் நிலைய வழக்கில் ‘நியூசென்ஸ் கேஸ்’ என்றால் பெட்டி கேஸ். தெருவில் நின்ற ஒருவர்மேல் சட்டெனப் போடக்கூடியது. ‘அவனே ஒரு தொல்லை’ என்று தமிழ்ச் சொல்லும் ஆளைக் குறிக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது பெரும்பாலும் வீட்டுக்குள் பிள்ளைகளைச் சொல்லும் சலிப்பு. ‘நியூசென்ஸ்’ வீட்டுக்கு வெளியே, அதிகாரத்தை நோக்கிச் சொல்லப்படும் புகார்.

இங்கே நம் வழக்கிலுள்ள ஒரு முதுமொழியை நினைவுகூர வேண்டும்: ‘உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இரு.’ தனிமனிதருக்கு இது போதுமான அறம். உதவுவது அவரவர் விருப்பம். துன்புறுத்தாமல் இருப்பது எல்லோருக்கும் கடமை. இந்த நீதியை ஒரு மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் அப்படியே பொருத்தலாமா என்பதே நம் கேள்வி.

2. செயலும் செயலின்மையும்

பொதுத் தொல்லையை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 268-ஆம் பிரிவில் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவில் அந்த வரையறை தொடர்கிறது. பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ பொதுவான கேடு, ஆபத்து, எரிச்சல் உண்டாக்கும் செயல் பொதுத் தொல்லை. சட்டத்துக்கு மாறான செயலின்மையும் பொதுத் தொல்லையே. அதனால் சிலருக்கு வசதியோ ஆதாயமோ கிடைக்கிறது என்பது சமாதானம் ஆகாது. வேறு தண்டனை குறிக்கப்படாத பொதுத் தொல்லைக்கு முன்பு 200 ரூபாய் வரையும் இப்போது 1,000 ரூபாய் வரையும் அபராதம். இந்த வரையறை ‘யார்’ என்று கேட்பதில்லை. ‘என்ன செய்யப்பட்டது, என்ன செய்யப்படவில்லை’ என்றே கேட்கிறது.

ஆனால் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னை மாகாணத்துக்கென 1889-இல் தனியே ஒரு நகரத் தொல்லைகள் சட்டம் வந்தது. தெருவில் செய்யக்கூடாதவற்றை அடுக்கிச் சொல்லும் அச்சட்டத்தின் பார்வை தெருவில் நிற்கும் தனிமனிதர்மேல் விழுந்தது. நம் பெட்டி கேஸ் மரபு இந்தப் பார்வையின் வாரிசு.

செயலின்மை என்ற முதற்பார்வையை மீட்டெடுத்தது 1980-இல் வந்த ரத்லாம் நகராட்சி வழக்குத் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தின் அந்நகரில் திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பறை இல்லாத குடிசைவாசிகள் தெருவோரம் ஒதுங்குவது ஆகியவற்றைப் பொறுக்கமாட்டாமல் குடியிருப்பாளர்கள் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்கீழ் முறையிட்டார்கள். நிதியில்லை என்றது நகராட்சி. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. தெருவோரம் ஒதுங்கியவர்களை அவர் தொல்லையாகப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கழிப்பறை கட்டிக்கொடுக்காத நகராட்சியைத்தான் பொறுப்பாக்கினார். எரிச்சல் ஊட்டிய காட்சி எது, அதைத் தோற்றுவித்த விடுபாடு எது என்று பிரித்துப் பார்த்ததே அத்தீர்ப்பின் பெருமை.

3. முன்பு வந்தவர் யார்

மேற்குப் புறநகரின் தொல்லைகளுக்கு ஒரு நில வரலாறு உண்டு. ஏரிகளும் வயல்களும் மேய்ச்சல் புறம்போக்கும் கொண்ட ஊர்கள் இவை. 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. தொழிலாளர் வந்தார்கள், மனைப்பிரிவுகள் வந்தன, பிறகு அடுக்ககங்கள் எழுந்தன. கிராமம், ஆலை, அடுக்ககம் என்ற மூன்று காலங்கள் ஒரே தெருவில் இன்று தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒவ்வொரு காலத்துக்கும் மற்றது தொல்லையாகத் தெரிகிறது.

எங்கள் தெருவில் நான்கு மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. விடியற்காலையில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு அடுக்ககத்துக்குப் போகிறார். முற்பகலில் அதே மாடுகள் சாலை நடுவில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, அதே அடுக்ககத்து வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. முன்பெல்லாம் ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டால் மாலையில் தானாக வீடு திரும்பும் என்கிறார் அவர். மாடும் பழக்கமும் மாறவில்லை. காலடியில் இருந்த நிலம்தான் மாறியது.

முன்பு வந்தவருக்கே உரிமை என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிட முடியாது. 1879-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஸ்டர்ஜஸ் – பிரிட்ஜ்மன் வழக்கில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உரலில் இடித்துவந்த மிட்டாய்க்காரருக்கு எதிராக, பக்கத்தில் புதிதாக ஆலோசனை அறை கட்டிய மருத்துவரே வென்றார். தொல்லையை நாடி வந்தவர் நீர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இடத்துக்கு இடம் தொல்லையின் அளவு மாறும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. அம்பத்தூருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இடத்தின் இயல்பை வைத்துத் தொல்லையை அளக்கலாம் என்றால், இடத்தின் இயல்பை மாற்றுபவருக்கும் அதில் பங்கு உண்டு. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுத்தபோது மாடு எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேட்கப்படாத கேள்விதான் இன்று சாலையில் படுத்திருக்கிறது.

4. யாருடைய இரவு

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்றும், தொழிற்பகுதிக்கு முறையே 75, 70 என்றும் வரம்பு கட்டின. காலை 6 முதல் இரவு 10 வரை பகல். எஞ்சியது இரவு. விதிக்குத் தெளிவான எல்லை வேண்டும்; அது சரிதான். ஆனால் மூன்று ஷிப்டில் ஓடும் தொழிற்பேட்டையின் ஊரில் இந்தப் பகலும் இரவும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

இரவு ஷிப்ட் முடித்து, எட்டு மணிக்குக் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பதினொரு மணிக்குச் சன்னலுக்குக் கீழே ஒரு குட்டி யானை வண்டி வந்து நிற்கிறது. பதிவுசெய்த குரல் பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் என்று ஒரே மூச்சில் திரும்பத் திரும்பக் கூவுகிறது. அவர் எழுந்து சன்னலைச் சாத்துகிறார். புழுக்கம் தாங்காமல் சிறிது நேரத்தில் மறுபடி திறக்கிறார். இது அவருடைய நள்ளிரவு. ஆனாலும் அவர் புகார் செய்யமாட்டார். பட்டப்பகலில் சத்தம் என்று யாரிடம் சொல்வது? தொல்லையை உணர்வதற்கும் அதைப் புகாராக்குவதற்கும் நடுவே ஒரு தகுதி தேவைப்படுகிறது. ஊரின் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறவர்க்கே அது கிடைக்கிறது.

இதே மக்கள் ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் நாளில், விடியுமுன்பே அலறும் ஒலிபெருக்கியைப் பொறுத்துக்கொள்கிறார்கள்: ‘வருஷத்துக்கு ஒரு தடவைதானே.’ முடிவு தெரிந்த சத்தத்தை மனம் தாங்குகிறது. முடிவு தெரியாதது சிறிதானாலும் வதைக்கிறது. அதற்காக விழாவின் பெயரால் நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதல்ல. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்கு எதிராகக் குடியிருப்போர் சங்கம் தொடர்ந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் அந்த இடத்து இரைச்சலில் நெடுஞ்சாலை வண்டிகளுக்கும் பங்கு உண்டு என்பது அதே வழக்கின் அளவீட்டில் தெரியவந்தது. தேவாலயத்துக்கு ஒரு முகவரி இருந்தது. நெடுஞ்சாலை இரைச்சலுக்கு முகவரி இல்லை.

5. முகவரி இல்லாத தொல்லை

அப்படி முகவரி தொலைந்த தொல்லைகளில் தலையாயது கழிவுநீர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, இரட்டை ஏரி ஆகியவற்றில் கழிவு கலப்பது குறித்து ஊர்மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போராடியிருக்கிறார்கள். ஏரி நீர்வளத் துறையிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம். ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். மழைநீர் வடிகாலில் கறுத்த நீர் ஓடினால் நான்கு அலுவலகங்களுக்கும் அது அடுத்த அலுவலகத்தின் பொறுப்பாகிவிடுகிறது.

ஊர் எல்லைகளும் இப்படியே. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. தூய்மைக்கும் வடிகாலுக்கும் மூன்று நிர்வாகங்கள். காவலுக்கோ 2022 சனவரியில் அமைந்த ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் ஒன்றே மூன்று ஊர்களுக்கும். இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். செயலின்மையைக் கேட்கப் போனால் நிர்வாகம் துண்டுதுண்டாக நிற்கிறது; ஆளைப் பிடிக்கப் போனால் ஒன்றாக நிற்கிறது. தொல்லை ஆளாக மாறுவதற்கு மனப்போக்கு மட்டுமே காரணமல்ல. நிர்வாகத்தின் அமைப்பே அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது.

6. ஆள் தொல்லையாகும்போது

இந்தச் சரிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தில்லி சான்று. அங்கே குடிசைப் பகுதிகள் இடிக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்த ஆஷர் கெர்ட்னர், தொல்லை என்ற சட்டக் கருத்தே நீதிமன்றங்களில் உருமாறியதைக் காட்டினார். முதலில் குடிசைப் பகுதியிலிருந்து வரும் கழிவு தொல்லையாக இருந்தது. பிறகு குடிசைப் பகுதியே தொல்லையாயிற்று. 2000-இல் வந்த அல்மித்ரா படேல் வழக்கு குப்பை மேலாண்மை பற்றியது. அதில் உச்ச நீதிமன்றம் ஆக்கிரமிப்பாளருக்கு மாற்று நிலம் தருவதைப் பிக்பாக்கெட்டுக்குப் பரிசளிப்பதோடு ஒப்பிட்டது. ரத்லாமில் கழிப்பறைக்கு உரியவர்களாக இருந்த மக்கள் இருபது ஆண்டுகளில் அகற்றப்பட வேண்டியவர்களானார்கள்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், காலங்காலமாக ‘இடைஞ்சல்’ எனப்பட்டவரைக் கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, எங்கே எப்போது விற்கலாம் என்று வரையறுக்கச் சொன்னது. அங்கே தொல்லை மறுபடி இடத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்வியானது; ஆள் ஆளாகவே நின்றார்.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் ஒரு சிறுமியை மாடு முட்டிச் சாய்த்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்துப் பதறியது. அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் போய் நில வரலாறு பேச முடியுமா? முடியாது, பேசவும் கூடாது. மாட்டைக் கட்டிவைக்க வேண்டியது மாட்டுக்காரரின் கடமை. தவறினால் அபராதம் முறையே. இக்கட்டுரை கேட்பது அதற்கு அடுத்த கேள்வியை: கட்டிவைக்க இடம் எங்கே? அந்தக் கேள்விக்கு விடை வராதவரை அபராதம் வசூலாகும், மாடு மறுநாளும் அதே சாலைக்கு வரும், அடுத்த குழந்தையும் அதே வழியில்தான் பள்ளிக்குப் போகும். செயலின்மையைத் தட்டிக்கேட்பது பாதிக்கப்பட்டவருக்கு எதிரானதல்ல. அவரைப் போல இன்னொருவர் பாதிக்கப்படாமலிருக்க அதுவே வழி.

முடிவுரை

மேற்குப் புறநகரில் தொல்லையைப் பற்றிய பேச்சு ஆளிலிருந்து செயலுக்கும், செயலிலிருந்து செயலின்மைக்கும் திரும்ப வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ரத்லாம் மக்கள் கைக்கொண்ட 133-ஆம் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்கீழ் நிர்வாக நடுவரிடம் பொதுத் தொல்லையைக் கொண்டுபோகலாம். நலச் சங்கங்கள் கடைக்காரர்மேல் புகார் எழுதும் தாளிலேயே வடிகாலுக்காக இந்த மனுவையும் எழுதலாம். 1913 என்ற எண்ணில் சென்னை மாநகராட்சி பதிந்துகொள்ளும் புகாராயினும், ஆவடி, பூந்தமல்லி அலுவலகங்களின் பதிவேடாயினும், ‘தொல்லை எது’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘எது செய்யப்படாததால்’ என்று இன்னொரு பத்தி இருக்கட்டும். ஆறு மாதம் அந்தப் பத்தியை நிரப்பினால், மாட்டுக்காரர், இரும்புக்கடை வண்டிக்காரர் ஆகியோரின் பெயர்களுக்குப் பக்கத்தில் எந்தெந்தத் துறைகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருந்தால் போதும் என்பது அண்டைவீட்டாருக்குச் சொன்ன அறிவுரை. வரி வாங்கி, வடிகாலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் ஏரிக்கும் பொறுப்பேற்ற அமைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அது செய்யத் தவறும் உபகாரமே மக்களுக்கு உபத்திரவம்.