டென்மார்க்கில் கட்டடத் தளப்பரப்புக் கணக்கீடு

டென்மார்க்கில் ஒரு கட்டடத்தின் தளப்பரப்பு என்பது அதன் எல்லாத் தளங்களையும் வெளிச்சுவரின் வெளிமுகம் வரை அளந்து கூட்டிய பரப்பாகும். ‘பிஆர்18’ எனப்படும் 2018-ஆம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பு இதை வரையறுக்கிறது. இந்தப் பரப்பு மனைப் பரப்பில் எத்தனை சதவீதம் என்பதே கட்டுமான விழுக்காடு, தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ. என்று வழங்கும் அளவுகோலுக்கு இது நிகரானது. தனி வீடுகளுக்கு 30, ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு 40, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 60, கோடைகால வீடுகளுக்கு 15 சதவீதம் என்பவை பொது வரம்புகள். 800 சதுர மீட்டர் மனையில் 240 சதுர மீட்டர் வரை தனி வீடு கட்டலாம். உள்ளூர்த் திட்டம் வேறு வரம்பு விதிக்காத இடத்தில், இதற்குள் அடங்கும் வீட்டைப் பரப்பு மிகுதி என்று சொல்லி நகராட்சி மறுக்க முடியாது.

இந்த அளவு வீட்டுக்குள் வாழ்பவருக்காக அமைந்தது அன்று. மனையின் மீதும் அண்டை வீட்டார் மீதும் கட்டடம் ஏற்றும் சுமையைக் காட்டவே அமைந்தது. விதியின் நுணுக்கங்களே இதற்குச் சான்று. சாய்கூரைக்குக் கீழுள்ள தளத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கிடையாக ஒரு கோடு இழுத்து, அது கூரையின் வெளிப்புறத்தைத் தொடும் இடம் வரை கணக்கிடுகிறார்கள். நிலத்தடித் தளத்தின் உட்கூரை நிலமட்டத்துக்கு மேல் 1.25 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அத்தளம் கணக்கில் சேராது. அங்கே எவ்வளவு இடம் புழங்கினாலும், தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடம் அதனால் பெரிதாகத் தெரிவதில்லை.

பிரான்ஸ் எதிர்த்திசையில் சென்றது. 2012 மார்ச் 1 முதல் அங்கே திட்டமிடல் விதிகள் வெளிச்சுவரின் உள்முகத்திலிருந்தே அளக்கின்றன, 1.80 மீட்டருக்கு மேல் உயரமில்லாத இடத்தை விட்டுவிடுகின்றன. வெப்பக்காப்புக்காகச் சுவரைத் தடிமனாக்குபவர் பரப்பை இழக்கக் கூடாது என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. டேனிய முறைமீது வைக்கத்தக்க வலுவான ஆட்சேபமும் இதுவே. வெளியளவு 10 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள தளம் டேனிய அடிப்படை விதிப்படி 80 சதுர மீட்டர். சுவர் 40 சென்டிமீட்டர் எனில் உள்ளே 66.24 சதுர மீட்டர்தான். 60 சென்டிமீட்டர் எனில் 59.84. குளிர்நாட்டில் இந்த இழப்பு சிறிதன்று. ஆனால் வெப்பக்காப்பைத் தனிச் சலுகையால் ஊக்குவிக்கலாம்; அதற்காக அளவுகோலையே உள்ளே நகர்த்தினால், ஒரே விழுக்காட்டில் கட்டடத்தின் பருமன் சுவருக்குச் சுவர் மாறும். வெளியளவையோ கதவைத் தட்டாமலே எவரும் சரிபார்க்கலாம்.

வாங்குபவர் ஏமாறமாட்டாரா என்பது அடுத்த ஆட்சேபம். 1983-ஆம் ஆண்டின் ஆணைப்படி, டேனிய அடுக்குமாடி வீட்டின் பரப்பில் வெளிச்சுவரும் பொதுப் படிக்கட்டின் ஒரு பங்கும் சேர்கின்றன. நம் ஊர் ‘சூப்பர் பில்டப்’ பரப்பை இது நினைவூட்டும். இந்தியாவில் கட்டுநர்கள் ஆளுக்கொரு விதமாகக் கணக்கிட்டதால், வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், உள்ளே புழங்கும் இடமான ‘கார்ப்பெட்’ பரப்பை வரையறுக்க நேர்ந்தது. டென்மார்க்கிலோ பங்கைக் கணக்கிடும் விதி எல்லாருக்கும் பொது. விவரங்கள் 1977-இல் உருவான கட்டட, குடியிருப்புப் பதிவேட்டில் உள்ளன. விவரம் சரியாக இருப்பதற்கு உரிமையாளரே பொறுப்பு என்பதால் பிழைகள் நேரலாம். ஆனால் பதிவேடு பொதுப் பார்வைக்குத் திறந்திருப்பதால் அவற்றைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. எனினும் படிக்கட்டும் சுவரும் கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடுவதால், ஒரே பரப்பு எழுதிய இரு வீடுகளில் புழங்கும் இடம் வேறாக இருக்கும். ஆகவே ஊரைத் திட்டமிட வெளியளவும் வீட்டை விற்க உள்ளளவும் தேவை. டென்மார்க் முதலாவதைச் செம்மையாகச் செய்திருக்கிறது. இரண்டாவதையும் அதே கண்டிப்புடன் விளம்பரத்தில் கட்டாயமாக்கினால் அதன் முறை முழுமை பெறும்.