ஊர் சுற்றிய பீப்பாய்

இது குடி சம்பந்தப்பட்ட பதிவு. பிடிக்காதவர்கள் சரித்திரத்துக்காக மட்டும் படிக்கலாம்.

லிஸ்பன் போய் வந்த நண்பர் இரண்டு சின்ன பாட்டில் மதீரா ஒயின் கொடுத்தார். ஒன்று 5 வருடச் சரக்கு, இன்னொன்று 10. பெரார்கஞ்ச் புழுக்கத்தில் மாதக்கணக்காக அலமாரியில் கிடந்தன. "கெட்டுப் போயிருக்கும், கொட்டிடுங்க" என்றார் தங்கமணி. கெடாது. ஏன் என்பதுதான் கதை.

மதீரா அட்லாண்டிக்கில் இருக்கும் போர்த்துக்கீசியத் தீவு. இந்தியாவுக்குக் கிளம்பிய ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பல்கள் அங்கே ஃபுன்ஷால் துறைமுகத்தில் நின்று ஒயின் ஏற்றிக்கொள்ளும். நம்ம சென்னைக் கோட்டை துரைமார்கள் குடித்தது அதைத்தான். வழியில் கெடாமலிருக்க பிராந்தி கலக்கும் வழக்கம் 18-ம் நூற்றாண்டில் பரவியது.

வேடிக்கை என்னவென்றால், இந்தியா வரை வந்து திரும்பிய பீப்பாய்களில் ருசி கூடியிருந்தது! போக வர நான்கு முறை பூமத்திய ரேகையைத் தாண்டி, வெக்கையில் வெந்த ஒயின். அப்புறம் வியாபாரிகள் வேண்டுமென்றே பீப்பாய்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 'விஞ்ஞோ த ரோடா', அதாவது சுற்றி வந்த ஒயின், என்று பெயர் வைத்து கூடுதல் விலைக்கு விற்றார்கள். இன்று கப்பல் பயணம் கிடையாது. சாதாரண ரகத்தை 45-50 டிகிரியில் குறைந்தது 3 மாதம் சூடாக்குகிறார்கள். உயர்ந்த ரகம் மாடியறைப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரே வருட அறுவடை என்று ஆண்டு போட்டு வரும் 'ஃப்ராஸ்கெய்ரா' என்றால் பீப்பாயில் குறைந்தது 20 வருடம்.

சரி, ருசி? 5 வருடத்தில் உலர்திராட்சை இனிப்பு, பிராந்தியின் காரம் தனியாகத் தெரிந்தது. 10 வருடத்தில் அந்தக் காரம் அடங்கி, வெல்லப்பாகு கருகப் போகும் நேரத்து வாசனை, வறுத்த முந்திரி, கடைசியில் பழம்புளி. வின்டேஜ் போர்ட் ஒயினைத் திறந்தால் ஓரிரு நாளில் முடிக்க வேண்டும். இது திறந்தும் மாதக்கணக்கில் தாங்கும். பி.காம். மூளைக்குப் பிடித்த விஷயம்: பீப்பாயில் ஆவியாகி அளவு குறையக் குறைய, மதிப்பு ஏறுகிறது.

சென்னையில் கப்பல் ஏறும்போது அப்பா சொன்னது, "போற இடத்துல கெட்டுப் போயிடாதடா." கெடவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் போன ஞாயிறு போனில், "எப்பப்பா திரும்பி வர்ற?" என்றார். திரும்பி வந்த பீப்பாய்க்குத்தானே அந்த விலை! மாற்றல் விண்ணப்பம் இன்னும் மேசை டிராயரிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்கிறீர்கள்?