எலும்பைத் தொடும் கைக்கு யார் சான்று?



பக்கவாதம் வந்த தகப்பனுக்கு, பிள்ளை பெற்ற மகளுக்கு, கால் பிசகிய பொடியனுக்கு எண்ணெய் போட்டுத் தடவ நாங்கள் ஆள் தேடுகிறோம். "நல்ல கைராசி" என்று நாலு பேர் சொன்னால் கூட்டி வந்துவிடுகிறோம். அவர் யாரிடம் படித்தார், அவரைச் சோதித்தது யார் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதை எங்கள் ஊரின் வரலாறே சொல்கிறது.

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். வைத்தியம் செய்ததோடு நிற்காமல் உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், 1860களில் தமிழில். மாணவர்களின் துணையோடு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் பயிற்றுவித்தார். உடலைத் தொடுபவன் முதலில் உடலைப் படிக்க வேண்டும், அதைத் தன் தாய்மொழியிலேயே படிக்கலாம் என்று அவர் காட்டிய இடம் எங்கள் மானிப்பாய்.

இந்த எண்ணம் மேற்கிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் சந்தைகளையும் தொழில்களையும் மேற்பார்வை செய்த அதிகாரிகளுக்காக அஷ்ஷைஸரீ என்பவர் அரபு மொழியில் ஒரு கையேடு எழுதினார். எலும்பு முறிவு கட்டுபவருக்கு உடலின் எலும்புகள் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அன்றைய கணக்கில் 248. இன்று வளர்ந்தவருக்கு 206 என்கிறோம். எண்ணிக்கை மாறினாலும் விதி மாறவில்லை. குளியலறைகளில் உடம்பு தேய்த்துவிடுபவரைக்கூட அந்தக் கையேடு விட்டுவைக்கவில்லை.

எங்கள் நாட்டில் 1870இல் கொழும்பில் அரச மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. பரம்பரைப் பரியாரிமார் அதற்கு வெளியே நின்றார்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி வைத்தியத்தையும் சேர்த்து, வைத்தியர்களைப் பதிவு செய்ய ஒரு சபையை அமைத்தது. முறிவு வைத்தியம் போன்ற தனித்துறைப் பரியாரிமாரும் அங்கே பதியலாம். பிசியோதெரபி செய்பவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிகிறார்கள்.

ஆனால், வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்க்கும் பெண்ணுக்கும், கடற்கரை ஹோட்டலில் மசாஜ் செய்யும் பொடியனுக்கும் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இதில் இரண்டு பக்கமும் நட்டம். நெடுநாள் படுக்கையில் இருந்தவரின் கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால், அது இரத்த நாளத்தில் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்த்தால் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். எங்கே கை வைக்கக் கூடாது என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். மறுபக்கம், முப்பது வருடம் நேர்மையாக உழைத்த கைக்கும் மதிப்பில்லை. மசாஜ் என்றாலே ஊர் முகம் சுளிக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ முறையில், பள்ளிக்கூடம் போகாமல் வேலை செய்தே கற்றவரின் திறமையையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கைத்திறன் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று விசாரித்து, அவர்களைக் கூட்டிச் செல்வது படித்த எங்கள் கடமை.

அடுத்த முறை வீட்டுக்கு ஒருவரை அழைக்கும்போது மரியாதையோடு கேட்போம்: "நீங்கள் யாரிடம் படித்தீர்கள்? எந்த நோய்க்குத் தொடமாட்டீர்கள்?" நல்ல கை இந்தக் கேள்விக்குக் கோபிக்காது.