நாடாளுமன்றக் கட்டடமும் பெண்ணிய வடிவமைப்பும்: வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை

ஒரு கட்டடம் யாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டு, அதற்கேற்ப அதைத் திருத்தியமைப்பதே பெண்ணிய வடிவமைப்பு. லண்டனில் பெண் கட்டடக் கலைஞர்கள் நடத்திய மேட்ரிக்ஸ் குழு 1984இல் வெளியிட்ட நூல் இந்தப் பார்வைக்கு அடித்தளமிட்டது. அதே கேள்வியைப் பிரிட்டன் நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் முன் வைத்தால், அங்கே பெண்களை விலக்கிவைத்தது சட்டம் மட்டுமல்ல, கட்டுமானமும்தான் என்பது தெரியவரும். 1778இல் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அவர்கள் கூரைக்கு மேலிருந்த பரணில் ஏறி, சபையின் வெப்பக் காற்றும் புகையும் வெளியேறும் துவாரத்தைச் சுற்றி நின்று விவாதங்களைக் கேட்டார்கள். 1834 தீவிபத்துக்குப் பின் சார்லஸ் பேரி வடிவமைத்த புதிய சபையில் பெண்களுக்கென ஒரு மாடம் கிடைத்தது. ஆனால் அதன் முன்னால் கனத்த உலோகக் கிராதி. உள்ளிருந்து பார்ப்பவர்களுக்குச் சபை துண்டு துண்டாகத்தான் தெரியும். கீழே இருக்கும் உறுப்பினர்களின் கண்ணில் பெண்கள் படாமல் மறைப்பதே அதன் வேலை. 1908 அக்டோபர் 28 அன்று பெண்கள் வாக்குரிமைப் போராளிகளான மியூரியல் மேட்டர்ஸ், ஹெலன் ஃபாக்ஸ் இருவரும் அந்தக் கிராதியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அவர்களை வெளியேற்றக் கிராதியையும் சேர்த்தே பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.

1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சபை அழிந்தபோது புதிதாகச் சிந்திக்க வாய்ப்பு வந்தது. ஆனால் பிரதமர் சர்ச்சில் 1943இல் பழைய நீள்சதுர வடிவமே வேண்டும், எல்லோருக்கும் இருக்கை இருக்கவும் கூடாது என்று வாதிட்டு வென்றார். 1950இல் திறக்கப்பட்ட அந்தச் சபையில் இன்று 650 உறுப்பினர்களுக்கு 427 இடங்களே உள்ளன. வாக்களிக்க நேரில் வந்து அதற்கென உள்ள கூடத்தின் வழியே நடந்தாக வேண்டும். பிள்ளை பெற்ற உறுப்பினர் சார்பில் வேறொருவர் வாக்களிக்கும் ஏற்பாடு 2019இல்தான் வந்தது. 2010இல் ஒரு மதுக்கூடம் இருந்த இடத்தில் குழந்தைகள் காப்பகம் திறக்கப்பட்டது. அது வரை அந்த வளாகத்தில் அப்படி ஓர் இடமே இல்லை.

சபையின் எதிரெதிர் இருக்கை வரிசைகளை அரைவட்டமாக்கினால் போதும் என்பாரும் உண்டு. பிரான்ஸின் சபை நெடுங்காலமாக அரைவட்டம்தான். ஆனால் அங்கே பெண்கள் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே வடிவம் மட்டும் தீர்வாகாது. சுவரை மாற்றாமலே 2024 தேர்தலில் 263 பெண்கள் வெல்லவில்லையா என்ற கேள்வி இதைவிட வலுவானது. உண்மைதான். ஆனால் தேர்தலில் வெல்வது வேறு, வந்த இடத்தில் சமமாகப் பணியாற்ற முடிவது வேறு. இருக்கையும் வாக்களிக்கும் முறையும் காப்பகமும் இரண்டாவதைத் தீர்மானிக்கின்றன. பாரம்பரியச் சின்னத்தில் கை வைக்கலாமா என்ற தயக்கத்துக்கு அந்தக் கிராதிகளே பதில். 1917இல் கழற்றப்பட்ட அவை குப்பைக்குப் போகவில்லை. மையக்கூடத்தின் சன்னல்களில் பொருத்தப்பட்டன. வரலாறும் காக்கப்பட்டது, தடையும் நீங்கியது.

அரண்மனையைப் புதுப்பிப்பதற்கான சட்டம் 2019இல் நிறைவேறியது. பழைய குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவதோடு அந்தப் பணி நின்றுவிடக் கூடாது. எல்லா உறுப்பினர்களுக்கும் இருக்கை, கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு வசதி, சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் வழி ஆகியவை முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.