வாயிற்காவலன் இல்லாத பணம்

கடைத்தெருவில் பழம் வாங்கும்போது பத்து ரூபாய்த் தாளை நீட்டுகிறோம். கடைக்காரர் பழத்தைத் தருகிறார். அத்துடன் கணக்கு முடிந்தது. நாம் யார், எதற்காக வாங்குகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. அதே பழத்தை இணையத்தின் வழியே கடன் அட்டை கொண்டு வாங்கினால் நடப்பது வேறு. நம்முடைய வங்கி, கடைக்காரருடைய வங்கி, இவ்விரண்டுக்கும் இடையே அட்டை நிறுவனம் எனப் பல வாயில்களைப் பணம் கடந்தாக வேண்டும். அவற்றுள் ஏதேனும் ஒரு வாயில் மூடிக்கொண்டாலும் வாணிபம் நடவாது.

வாயிற்காவலர் எவருமின்றிப் பணத்தை அனுப்ப இயலுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தவையே கிரிப்டோ நாணயங்கள். அண்மையில் என் மாணவர் ஒருவர், “பிட்காயினில் பணம் கொடுத்தால், யார் கொடுத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதாமே, சார்?” என்று கேட்டார். இக்கேள்விக்கு விடை கூற, பலரும் பேசக் கூசும் ஒரு தொழிலின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது வந்தோருக்கான பாலியல் படங்களை விற்கும் தொழில் அது. அமெரிக்காவிலும் மேலை நாடுகள் பலவற்றிலும் அது சட்டத்துக்கு உட்பட்ட வாணிபம்.

இருமுறை செலவிட முடியாத நாணயம்

கணிப்பொறியில் உள்ள எதையும் நகலெடுக்கலாம். அப்படியானால் ஒரே நாணயத்தை இருவருக்குக் கொடுத்து ஏமாற்றலாம் அல்லவா? எண்வடிவப் பணத்தின் முதற் சிக்கல் இதுவே. அமெரிக்க அறிஞர் டேவிட் சோம் 1982-இல் இதற்கு ஒரு வழி கூறினார். ஓர் உறைக்குள் வெற்றுத்தாளையும் கார்பன் தாளையும் வைத்து ஒட்டிவிடுவதாகக் கொள்வோம். உறையின்மேல் வங்கி கையொப்பமிட்டால் அது உள்ளிருக்கும் தாளிலும் பதியும். ஆனால் தாளில் எழுதியிருப்பதை வங்கி காணாது. இதைக் கணிதத்தில் செய்து காட்டியதே அவருடைய ‘குருட்டுக் கையொப்பம்’. இம்முறையில் பணத்தை வெளியிட அவர் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998-இல் நொடித்துப்போயிற்று. நாணயத்துக்குச் சான்று கூற அம்முறையிலும் ஒரு வங்கி தேவைப்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. வங்கியின் வேலையை ஒரு பேரேட்டிடம் ஒப்படைக்கலாம் என்பது அதன் கருத்து. அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பக்கம் சேரும். முன் பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதும் கணக்குப்பிள்ளையைப் போல, ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் கணிதச் சுருக்கத்தைத் தாங்கி வரும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்வரும் பக்கங்கள் அனைத்தும் பொருந்தாமற் போய்விடும். 2009 ஜனவரி 3 அன்று இப்பேரேட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டது.

மூடிய வாயில்கள்

பாலியல் படத் தளங்களை அட்டை நிறுவனங்கள் நெடுங்காலமாகவே ஐயத்துடன் பார்த்து வந்தன. வாங்கியவர் பின்னர் “நான் வாங்கவே இல்லை” என்று மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது இத்தொழிலில் மிகுதி. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2000-இலேயே இத்தளங்களைக் கைவிட்டது. எனவே காவலன் இல்லாத பணம் வந்தபோது இத்தொழில் அதை ஆவலுடன் நோக்கியதில் வியப்பில்லை.

இத்துறையின் பெருந்தளங்களுள் ஒன்றான போர்ன்ஹப், 2018 ஏப்ரலில் ‘வெர்ஜ்’ என்ற நாணயத்தை ஏற்கத் தொடங்கியது. அதே மாதத்தில்தான் வெர்ஜ் பேரேட்டின் காலக்குறிப்பில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்திச் சிலர் புது நாணயங்களை அள்ளிச் சென்றனர். 2019 நவம்பரில் பேபால் நிறுவனம், அத்தளத்தின் கலைஞர்களுக்கு ஊதியம் அனுப்புவதை நிறுத்திற்று.

2020 டிசம்பரில் பெரிய வாயில்களும் மூடின. சிறுவர் சிறுமியர், இசைவு தராதவர்கள் ஆகியோரின் படங்கள் அத்தளத்தில் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் கட்டுரை ஒன்று எடுத்துக் காட்டியது. சில நாட்களுக்குள் விசாவும் மாஸ்டர்கார்டும் தம் சேவையை நிறுத்தின. உடனே அத்தளம், அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய படங்களை எல்லாம் நீக்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் படங்கள் மறைந்தன. பாதிக்கப்பட்டோர் பல காலம் முறையிட்டும் நடவாதது, பணத்தின் வாயில் அடைபட்டதும் நடந்தது.

அதே வேளையில், சட்டத்துக்கு உட்பட்டுத் தம் படங்களைத் தாமே விற்றுப் பிழைத்தவர்களின் வருவாயும் அடைபட்டது. அவர்களுக்குக் கிரிப்டோ நாணயம் கைகொடுத்ததா? ஓரளவே எனலாம். வீட்டு வாடகையைப் பிட்காயினில் வாங்கிக்கொள்வோர் அரியர். அதை டாலராக மாற்ற நாணயமாற்றகம் செல்ல வேண்டும். அங்கே அடையாளச் சான்று கேட்பார்கள். விட்டு வந்த காவலன் இங்கே மீண்டும் நிற்கிறான்! மதிப்போ நிலையற்றது. 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய ஒரு பிட்காயின், ஓராண்டில் 4,000 டாலருக்கும் கீழே இறங்கியது.

மறக்காத பேரேடு

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். 2015 முதல் 2018 வரை, தென்கொரியாவிலிருந்து ஒரு கொடிய தளம் மறைவாக இயங்கி வந்தது. குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளின் படங்களை அது பிட்காயினுக்கு விற்றது. கொடுத்தவரும் வாங்கியவரும் தாம் கண்ணுக்குப் புலப்படாதவர்கள் என்றே நம்பினர்.

அவர்கள் மறந்தது ஒன்று உண்டு. பிட்காயின் பேரேட்டில் பெயர்கள் இல்லை. ஆனால் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு சென்றது என்பது அழியாமல், எவரும் காணுமாறு எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்க வருமானவரித் துறையின் புலனாய்வாளர்கள் அத்தளத்தின் முகவரிகளிலிருந்து பின்னோக்கி நடந்து, பணம் புறப்பட்ட நாணயமாற்றகங்களை அடைந்தனர். அங்கே முகவரிகளுக்குப் பெயர்கள் கிடைத்தன. 2019 அக்டோபரில் வெளியான அறிவிப்பின்படி, 38 நாடுகளில் 337 பேர் கைதாயினர். கொடுமைக்கு ஆளாகி வந்த குழந்தைகள் 23 பேராவது மீட்கப்பட்டனர்.

அனுப்புநரையும் தொகையையும் மறைக்கும் மொனேரோ போன்ற நாணயங்களும் உள்ளன என்பது உண்மை. ஆயினும் பிட்காயினைப் பொறுத்தவரை மாணவர் கேள்விப்பட்டது தவறு. ரூபாய்த் தாள் தான் கடந்துவந்த கைகளை மறந்துவிடுகிறது. பிட்காயின் எதையும் மறப்பதில்லை.

எஞ்சும் கேள்வி பெரியது. வாயிலை மூடும் அதிகாரம் ஒருசில நிறுவனங்களின் கையில் இருப்பது முறையா? அது குழந்தைகளையும் காத்தது. குற்றமற்றவர்களின் பிழைப்பையும் கெடுத்தது. படத்தில் தோன்றுவோரின் வயதுக்கும் இசைவுக்கும் சான்று வேண்டும் என்ற விதியை மாஸ்டர்கார்டு 2021 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. நல்ல விதிதான். ஆனால் அதை வகுத்தது நாடாளுமன்றம் அன்று. ஒரு தனியார் நிறுவனம். இதற்குக் கணிதத்தில் விடை இல்லை. மக்கள்தாம் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

மறுவாரம் அம்மாணவர் பேரேட்டின் முதற்பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். 2009 ஜனவரியில் எழுதப்பட்ட 50 பிட்காயின் வரவு, இன்றும் அப்படியே இருந்தது.