கிளட்ச் தூசி

தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரிந்திருக்கும். கற்பூரம், வேப்பிலை, கடல் காற்று எல்லாவற்றுக்கும் நடுவே கருகிய கிளட்ச். வேடம் கட்டிய குழுக்களை ஏற்றிக்கொண்டு முத்தாரம்மன் கோவிலை நோக்கி வரும் வேன்கள் ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகரும். ஓட்டுநர் பெடலை முழுசாக அமுக்கவும் மாட்டார், முழுசாக விடவும் மாட்டார். ஹாஃப் கிளட்ச். என்ஜின் சுற்றுகிற வேகம் ஒன்று, சக்கரத்துக்கு வேண்டிய வேகம் வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் நடுவில் இருக்கும் ஒரு தட்டு உராய்ந்து உராய்ந்து வெப்பமாக்குகிறது. வெப்பம் காற்றோடு போய்விடும். தட்டும் தேய்கிறதே, தேய்ந்தது எங்கே போகிறது?

கார் பற்றிய வரலாறுகளில் நான் அதிகம் பார்க்காத கேள்வி இது. என்ஜினுக்கு வரலாறு உண்டு, கம்பெனிகளுக்கு உண்டு, முதலாளிகளுக்கு நிறையவே உண்டு. தேய்மானத்துக்கு இல்லை.

*

ஆரம்பத்தில் தேய்ந்தது தோல். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர வண்டியில் போனார். வழியில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோல் அடித்துக்கொண்டார். பிரேக் லைனிங்கின் வரலாறு அந்தத் தோலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆரம்பகாலக் கார்களின் கூம்பு வடிவக் கிளட்ச்சுகளிலும் பிடிமானத்துக்குத் தோல்தான். சூடேறினால் கருகும், எண்ணெய் பட்டால் வழுக்கும்.

இங்கிலாந்தின் டெர்பிஷையர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், இறக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் கொடுத்து வண்டியை நிறுத்துவதைப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. 1897-ல் அவர் ஆரம்பித்ததுதான் ஃபெரோடோ. தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு வைத்த பெயர். முதலில் பருத்தி நெசவில் பிசின் ஊற்றிப் பார்த்தார். கார்களின் வேகத்துக்கு அது தாங்கவில்லை. தாங்கியது கல்நார்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். கல்தான், ஆனால் நாராகப் பிரியும். தீப்பிடிக்காது, நெய்யலாம், மலிவு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகத்தின் பிரேக்கும் கிளட்ச்சும் இந்த நாரைப் பிடித்துக்கொண்டுதான் ஓடின.

*

காலிலிருந்து கிளட்ச்சுக்கு விசை போகிற வழிக்குத் தனிக் கதை. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னார். அதை வைத்து ஜோசப் பிரமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். காருக்குள் இது முதலில் பிரேக்காக வந்தது. மால்கம் லாக்ஹெட் வடிவமைத்த ஹைட்ராலிக் பிரேக்கை 1921-ல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் போட்டது. கம்பியும் கேபிளும் இழுத்துக்கொண்டிருந்த கிளட்ச் பிறகுதான் இந்த வழிக்கு வந்தது.

அந்தப் பழைய குழாய்களுக்குள் ஓடிய திரவம் என்ன தெரியுமா? ஆல்கஹால் கலந்த விளக்கெண்ணெய். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் ஊற்றினால் இயற்கை ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். ஆமணக்கு எண்ணெய் அவற்றை ஒன்றும் செய்யாது. வைக்கோல் கரியோடு விளக்கெண்ணெயைக் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட நம் ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமான சரக்கில்லை. இன்று ஊற்றுவது கிளைக்கால் வகை. நாம் அதைப் பிரேக் ஆயில் என்கிறோம், உண்மையில் அது ஆயிலே இல்லை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தில் புதுசாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 இருந்தாலே போதும் என்கிறது அதே தரம். இடைவெளி அவ்வளவு. கடலோரத்தில் அதை மாற்றாமல் வருஷக்கணக்கில் விடக்கூடாது.

*

இந்தச் சாமான்கள் நம் ஊரில் தயாரான கதையின் ஒரு முனை திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். மதுரையில் தொழில் தொடங்கி, பேருந்து விட்டு, உதிரிபாகங்கள் விற்று, இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் பேருந்து ஓட்டும் கருவியும் செய்தவர். 1953-ல் வரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, இங்கே உற்பத்தி செய்யாமல் வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பாகங்களை இங்கேயே செய்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. ஐயங்கார் 1955-ல் காலமானார். அவர் குடும்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கூட்டோடு சென்னை பாடியில் வரிசையாக எழுந்தன. 1962-ல் வந்த பிரேக்ஸ் இந்தியா அதில் ஒன்று. கர்லிங் என்ற பெயர் நம் ஒர்க்‌ஷாப்களுக்குப் பழகியது அந்த வழியில்தான்.

தொழிற்சாலைக் கதை இத்தோடு நிறைவாக முடிந்துவிடும். ஆனால் கிளட்ச் தட்டு தொழிற்சாலையில் தேய்வதில்லை. ரோட்டில் தேய்கிறது, செட்டில் திறக்கப்படுகிறது.

*

போன வருஷம் எங்கள் பழைய காரின் கிளட்ச்சைக் குலசையில் வீட்டு முற்றத்திலேயே மாற்றினேன். கோடெழுதிப் பிழைக்கிறவனுக்கு, கையில் கிரீஸ் படுகிற வேலை ஒரு மாற்று. தேரி மணலில் சக்கரம் சுழன்று சுழன்று தட்டு ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது. பேட்டரியைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்கக்கூடாது), டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, கியர் பாக்ஸை இறக்கவே ஒரு நாள் போனது. பிறகு புதுத் தட்டை ஃப்ளைவீலின் நடுவில் சரியாக நிறுத்த வேண்டும். ஒரு நூல் விலகினாலும் கியர் பாக்ஸ் திரும்ப உள்ளே ஏறாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

ரப்பர் சீல் கசிந்ததால் ஸ்லேவ் சிலிண்டரையும் மாற்றினோம். கடைசி வேலை ஏர் எடுப்பது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால் போதும், கால் கொடுக்கிற விசையை அதுவே தின்றுவிடும். அப்பா பெடலில், நான் வண்டிக்கடியில்.

“அமுக்குங்கப்பா.”

“அமுக்கியாச்சுல.”

நிப்பிளைத் திறந்தால், பாட்டிலில் முக்கிய டியூப் வழியாகக் குமிழியோடு திரவம் வரும். மூடிவிட்டு, “விடுங்க.” மூடுமுன் அவர் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். மேலே டப்பாவில் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது தடவைக்குமேல் போயிற்று.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணாச்சிக்கு எழுபதைத் தாண்டிய வயசு. பதினொரு வயசில் திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கைப்பையனாகச் சேர்ந்தவர். கழற்றிய கூண்டுக்குள் அப்பியிருந்த கறுப்புத் தூசியை நான் ஈரத்துணியால் துடைத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“நாங்க ஏர் ஹோஸப் புடிச்சு ஒரு ஊது ஊதுவோம் தம்பி. புகை மாரி எழும்பும். அதுக்குள்ளயே நின்னு டீ குடிப்போம்.”

தேய்ந்தது எங்கே போனது என்பதற்கு அவர் சொன்னதுதான் பதில்.

*

கிளட்ச்சின் வெப்பத்தில் கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடும். மிச்சம் இருக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நோய் தெரிய இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். இதை மனதில் வைத்துத்தான் 1995-ல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த 40 ஆண்டை எண்ணத் தொடங்க, வேலையில் சேர்ந்த தேதி வேண்டும். கைப்பையனுக்கு ஏது தேதி? சம்பளமே சாப்பாடும் பொங்கலுக்கு ஒரு சட்டையும்தான்.

2024 பிப்ரவரி 28-ல் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட்டில் ஏறும் பாகம் எந்தத் தொகுப்பில் வந்தது, யார் சோதித்தார் என்று காகிதம் இருக்கும். அப்படி இருந்தால்தான் பிழை நடக்கும்போது காரணத்தைத் தேடிப் பின்னால் போக முடியும். என் தொழிலிலும் அதுதான் முதல் பாடம். மனிதர்களுக்கும் அப்படி ஒரு காகிதம் இருந்திருக்கலாம்.

அண்ணாச்சி இரவில் இருமுகிறார். பீடியாக இருக்கலாம், வயசாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார் அண்ணாச்சி. அடுத்த முறை போகும்போது அவரே சொல்லட்டும் என்று, அவர் வேலை பார்த்த செட்டுகளையும் வருஷங்களையும் ஞாபகம் இருக்கிற வரையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.